கடைக்கண் பார்வைக்கு ஒரு படம்

கையை முழுவதுமாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். அந்த விரலின் அகலம் உங்கள் கண்ணில் ஏறத்தாழ 2 டிகிரி கோணத்தை அடைக்கிறது. எந்த நேரத்திலும் நாம் உலகத்தைத் துல்லியமாகப் பார்ப்பது கிட்டத்தட்ட அவ்வளவு இடத்தில்தான். விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் கூம்பு செல்கள் மிக நெருக்கமாக அடர்ந்திருக்கின்றன. அங்கிருந்து விலக விலக அவை அருகிப்போகின்றன. நடுவிலிருந்து 10 டிகிரி தள்ளிப்போனால் பார்வைக் கூர்மை சுமார் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆனாலும் முழுக் காட்சியும் தெளிவாகத் தெரிவது போலத்தான் நமக்குத் தோன்றுகிறது. கண் நொடிக்கு மூன்று, நான்கு முறை தாவித் தாவிப் பார்க்கிறது. மூளை அந்தத் துண்டுகளை ஒட்டி முழுக்காட்சியாகத் தருகிறது.

இந்தக் கணக்கைக் கைபேசிக்குக் கொண்டுவருவோம். 35 செ.மீ. தொலைவில் திரையைப் பிடித்தால் அந்த 2 டிகிரி என்பது வெறும் 1.2 செ.மீ. அகலம். மீதித் திரை முழுவதும் கடைக்கண்ணில்தான் இருக்கிறது. விரல் திரையைத் தள்ளத் தள்ள, வீடியோக்களின் முகப்பில் நிற்கும் தம்ப்நெயில் படங்கள் முதலில் மங்கலாகத்தான் நம்மை வந்தடைகின்றன. அந்த மங்கலிலேயே ஒரு படம் கண்ணை இழுத்தால் அடுத்த தாவல் அதன்மேல் விழும். இழுக்காவிட்டால் அந்தப் படம் பார்க்கப்படாமலே மேலேறிப் போய்விடும்.

யூடியூப் தன் படைப்பாளிகளுக்குத் தரும் விளக்கத்தின்படி, சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதியளவு 2 முதல் 10 சதவீதக் கிளிக் விகிதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதாவது, இந்த அளவுக்குள் இருக்கும் வீடியோவின் தம்ப்நெயில் நூறு முறை கண்முன் வந்தால் தொண்ணூறு முறையாவது தாண்டிப் போய்விடுகிறார்கள். கணக்குப் பாடம், மருத்துவ விளக்கம், உழவுக் குறிப்பு, தையல் வகுப்பு என்று தமிழில் இன்று எத்தனையோ பேர் சொந்தச் செலவில், சொந்த நேரத்தில் நல்ல வீடியோக்களை உருவாக்குகிறார்கள். அந்த உழைப்பு வாசலிலேயே தவறிப்போவது வருத்தத்துக்குரியது. தம்ப்நெயிலுக்குப் பின்னாலிருக்கும் பார்வை அறிவியல் அவர்களுக்கு நேரடியாகக் கைகொடுக்கும். ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கலாம்.

தக்காளியில் வரும் இலைச்சுருள் நோயைப் பற்றி ஒருவர் வீடியோ எடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் அந்தப் பூச்சியின் நீளம் சுமார் 1 மி.மீ. வீடியோவில் விஷயம் சரியாக இருக்கிறது; விளக்கமும் தெளிவு. ஆனால் தம்ப்நெயிலில் ஒரு வயல், நான்கு செடிகள், பேசுபவரின் முகம், ஒரு மருந்துப் புட்டி, சிவப்பு அம்புக்குறி, எட்டுச் சொற்களில் ஒரு வாக்கியம். இதை எப்படித் திருத்துவது?

ஒன்று தனித்து நிற்கட்டும்

பிரான்சில் சைமன் தோர்ப்பும் அவருடைய சகாக்களும் 1996-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். புகைப்படங்களை ஒவ்வொன்றாக, 20 மில்லிநொடி மட்டும் காட்டினார்கள். அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. படத்தில் விலங்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். பார்த்தவர்கள் பெரும்பாலான நேரம் சரியாகச் சொன்னார்கள். படம் தோன்றி 150 மில்லிநொடிக்குள்ளேயே, விலங்கு இருக்கும் படத்துக்கும் இல்லாத படத்துக்கும் மூளையின் மின்சமிக்ஞை வேறுபட்டிருந்தது. படம் எதைப் பற்றியது என்பதை மூளை அத்தனை விரைவாக அறிந்துகொள்ளும். படத்தில் அறியத்தக்க ஒன்று தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எது தெளிவாக எழுந்து நிற்கும் என்பதை 1980-இல் ஆன் ட்ரீஸ்மன், கேரி ஜெலேட் என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியைத் தேடச் சொன்னால், பச்சைப் புள்ளிகள் பத்தானாலும் முப்பதானாலும் ஒரே வேகத்தில் கண்டுபிடித்துவிடுகிறோம். சிவப்புப் புள்ளி தானாகவே கண்ணில் வந்து விழுகிறது. ஆனால் சிவப்பு வட்டங்களும் பச்சைச் சதுரங்களும் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரு சிவப்புச் சதுரத்தைத் தேடச் சொன்னால் கதை மாறிவிடும். இப்போது நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொன்றாகச் சலிக்க வேண்டியிருப்பதால், பொருள்கள் கூடக்கூட நேரமும் கூடுகிறது. திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவர் அந்த நேரத்தைத் தரமாட்டார்.

1998-இல் லாரன்ட் இட்டி, கிறிஸ்டோஃப் காக், எர்ன்ஸ்ட் நீபர் மூவரும் இதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளிச்சம், நிறம், கோடுகளின் சாய்வு என்ற மூன்றிலும் ஓர் இடம் தன் சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் உண்டாக்கும் முறை அது. வேறுபாடு உச்சமாக இருக்கும் இடத்துக்குக் கண் முதலில் போகும் என்பது அதன் கணிப்பு. பார்வையைக் கணிக்கும் இன்றைய மென்பொருள்கள் பலவற்றுக்கு அது முன்னோடி.

நம் வீடியோவுக்கு வருவோம். பச்சை வயலுக்கு முன்னால் பச்சை இலை இருந்தால் வேறுபாடே கிடையாது. நோயுற்ற இலையைப் பறித்து, வெளிறிய வானத்துக்கோ கருமண்ணுக்கோ எதிரே கையில் பிடித்துப் படமெடுத்தால் அதன் சுருண்ட ஓரம் ஒரே பார்வையில் தெரியும். நான்கு செடி வேண்டாம், ஓர் இலை போதும். மருந்துப் புட்டியும் அம்புக்குறியும் போகட்டும். எடுத்துப்போட்ட ஒவ்வொன்றும் மிஞ்சியிருப்பதற்கு வலுச் சேர்க்கிறது.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பலர் அடர்நிறங்களை வாரி இறைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நுணுக்கமான வடிவங்களையும் எழுத்துகளையும் அறிய மூளை பெரிதும் நம்பியிருப்பது வெளிச்ச வேறுபாட்டை. ஒரே அளவு வெளிச்சமுள்ள பச்சையின்மேல் சிவப்பில் எழுதினால், நிறங்கள் எதிரெதிராக இருந்தும் எழுத்தின் விளிம்பு நடுங்குவது போலத் தோன்றும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு அது எழுத்தாகவே தெரியாது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் முக்கியப் பொருள் பளிச்சென்று தெரிந்தால் நிறத்தேர்வு சரி.

முகமும் அது பார்க்கும் திசையும்

பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்கு முன்னால், இரண்டு கண்ணும் ஒரு வாயும் முகம்போல அமைந்த ஓர் அட்டையை நகர்த்தினால், அது தலையையும் கண்ணையும் திருப்பிப் பின்தொடர்கிறது. அதே உறுப்புகளைக் கலைத்துப் போட்ட அட்டைக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை. 1991-இல் வெளியான ஆய்வு இது. முகங்களைப் பார்க்கும்போது சிறப்பாக இயங்கும் ஒரு பகுதி மூளையின் அடிப்புறத்தில் இருப்பதை நான்சி கான்விஷர் குழுவினர் 1997-இல் காட்டினார்கள். இரண்டு படங்களை அருகருகே காட்டி, முகம் இருக்கும் படத்தை நோக்கிக் கண்ணைத் திருப்பச் சொன்ன சோதனையில், மிக விரைவான தாவல்கள் 100 முதல் 110 மில்லிநொடிக்குள்ளேயே கிளம்பிவிட்டன. தம்ப்நெயில்களில் முகங்கள் நிறைந்திருப்பதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் முகத்தை வைத்தால் வேலை முடிந்துவிடாது. அது கண்ணை இழுத்துத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளக்கூடும். இலையைப் பற்றிய வீடியோவில் இலையைப் பார்க்காமலே ஒருவர் கடந்துபோனால் என்ன பயன்? இதற்கும் இயற்கையில் வழி இருக்கிறது. கருவிழியைச் சுற்றி வெள்ளை தெளிவாகத் தெரியும் கண் மனிதனுக்கு. அதனால் ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பது எதிரில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும். 1998-இல் ஃப்ரீசன், கிங்ஸ்டோன் இருவரும் திரையில் ஓர் எளிய கோட்டு முகத்தை வரைந்து, அதன் கண்ணை இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பினார்கள். அந்தத் திசைக்கும் அடுத்து வரப்போகும் குறிக்கும் தொடர்பில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், முகம் பார்த்த பக்கத்தில் தோன்றிய குறியைத்தான் மக்கள் விரைவாகக் கண்டார்கள். பிறர் பார்க்கும் திசையில் நம் கவனமும் தன்னால் போய்விடுகிறது.

ஆகவே, தம்ப்நெயிலில் விவசாயி நம்மைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. புருவம் சுருங்க, கையிலிருக்கும் இலையை அவர் உற்றுப் பார்க்கட்டும். கண் முதலில் முகத்துக்குப் போகும். அடுத்த தாவலில் இலைக்கு வந்துசேரும்.

தமிழ் எழுத்தின் கணக்கு

தம்ப்நெயிலுக்கு யூடியூப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்துவந்த அளவு 1280-க்கு 720 பிக்சல். அகல உயர விகிதம் 16:9. கணினியில் வடிவமைக்கும்போது அது விரிந்து பெரிதாக நிற்கும். கைபேசியின் பரிந்துரைப் பட்டியலிலோ 4 செ.மீ. அகலத்துக்கும் சுருங்கிவிடும். அப்போது அதன் உயரம் 2.25 செ.மீ.தான். 35 செ.மீ. தொலைவில், நல்ல கண்ணுக்கு நேர்ப்பார்வையில் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய நுணுக்கம் சுமார் 0.1 மி.மீ. கடைக்கண்ணுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

தமிழ் எழுத்து இங்கே சில தனித் தேவைகளோடு வருகிறது. மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. அது மறைந்தால் சொல்லே மாறும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். பார்வையைக் கவர வேண்டுமென்று மிகத் தடிமனான எழுத்துருவைப் போட்டு, அதைச் சுற்றிப் பட்டையாக ஓரக்கோடும் நிழலும் கொடுத்தால் புள்ளி முதலில் விழுங்கப்படுகிறது. ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டு வெறும் திட்டுகளாகின்றன. நடுத்தரத் தடிமனும், உள்வெளி அகன்ற எழுத்துருவும், பின்னணியில் ஒரே நிறப் பரப்பும் இருந்தால் எழுத்து பிழைத்துக்கொள்ளும். மேல்விலங்கு, கீழ்விலங்கு என்று நம் எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால், இரண்டு வரி எழுதினால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும்.

நெருக்கம் வேறொரு வகையிலும் கெடுதல் செய்கிறது. கடைக்கண்ணில் தனியாகத் தெரியும் ஓர் எழுத்து, அருகில் வேறு எழுத்துகள் வந்து ஒட்டினால் அடையாளம் தெரியாமல் போகும். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை நெதர்லாந்தின் ஹெர்மன் பௌமா 1970-இல் அளந்து காட்டினார்: பார்வையின் மையத்திலிருந்து எழுத்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதில் ஏறத்தாழ பாதி. எழுத்தைப் பெரிதாக்கினாலும் நெருக்கி வைத்தால் குழப்பம் தீராது. எட்டுச் சொற்களைத் திணிப்பதால் எட்டுமே வீணாவது இதனால்தான்.

படத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு ஒவ்வொரு வரிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வரியில் ஆறேழு தமிழ் எழுத்துகள்தான் வசதியாக நிற்கும். நம் வீடியோவுக்கு ‘இலை ஏன்’ என்று ஒரு வரி, ‘சுருள்கிறது?’ என்று இன்னொரு வரி. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். விவரமெல்லாம் கீழே வரும் தலைப்பில் இருக்கட்டும். வலது கீழ்மூலையில் வீடியோவின் நீளத்தை யூடியூப் ஒட்டிவிடும் என்பதால் அங்கே எழுத்தோ முக்கியப் பொருளோ வைக்கக் கூடாது.

ஆவல் எங்கே பிறக்கிறது

கண்ணை நிறுத்துவது முதல் படி. விரலை நிறுத்துவது அடுத்தது. அதற்கு மனத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். நமக்குத் தெரிந்ததற்கும், தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி புலப்படும்போதுதான் ஆவல் பிறக்கிறது என்று ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-இல் எழுதினார். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் ஆவல் எழாது. எல்லாம் தெரிந்துவிட்டாலும் எழாது. சுருண்ட இலையைத் தோட்டத்தில் பார்த்தவருக்கு விளைவு தெரியும், காரணம் தெரியாது. படம் விளைவைக் காட்டி, எழுத்து காரணத்தைக் கேட்கும்போது அந்த இடைவெளி கச்சிதமாகத் திறக்கிறது. ‘வெள்ளை ஈயால் வரும் இலைச்சுருள் வைரஸ்’ என்று முழுப் பதிலையும் படத்தில் எழுதினால் அது மூடிக்கொள்ளும். ‘அதிர்ச்சி! விவசாயிகளே உஷார்!’ என்று எழுதினால் எதைப் பற்றி என்றே தெரியாததால் அது திறக்கவே திறக்காது.

பார்ப்பவரின் தேவையும் கண்ணை வழிநடத்துகிறது. சோவியத் ஆய்வாளர் ஆல்பிரட் யார்பஸ், இல்யா ரெபினின் ‘எதிர்பாராத வருகையாளர்’ ஓவியத்தை ஒருவரிடம் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டார். படத்திலுள்ளவர்களின் வயதைக் கேட்டபோது கண்கள் முகங்களைச் சுற்றின. குடும்பத்தின் வசதியைக் கேட்டபோது உடைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் துழாவின. ஓவியம் ஒன்றுதான், பார்வைப் பாதைகள் வேறு. தக்காளி பயிரிட்டு இலை சுருண்டதைக் கண்டு தவிப்பவர் அந்த இலையைத் தேடித்தான் வருகிறார். அவர் தேடுவதை அவர் கண்ட வடிவத்திலேயே காட்டுவதைவிடப் பெரிய ஈர்ப்பு வேறில்லை.

கணினி தேர்ந்தெடுக்கும் படம்

யூடியூப் தொடங்கிய புதிதில் படைப்பாளிகள் தம்ப்நெயிலைத் தாங்களே வடிவமைக்க வழியில்லை. வீடியோவிலிருந்து சில பிரேம்களைக் கணினியே எடுத்துக் கொடுத்தது. அவற்றில் ஒன்று சரியாக நடுவிலிருந்து வருவதைக் கண்டுகொண்ட சிலர், வீடியோவின் நடுவில் தொடர்பே இல்லாத ஒரு கவர்ச்சிப் படத்தைக் கணநேரம் செருகினார்கள். கிளிக்குகள் குவிந்தன, ஏமாந்தவர்கள் உடனே வெளியேறினார்கள். 2012-இல் யூடியூப் தன் பரிந்துரை முறையில் கிளிக் எண்ணிக்கையை விட்டு, பார்க்கும் நேரத்துக்கு முதன்மை கொடுத்தது. 2015-இல், தானே பிரேமைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு ஆழ்நிலை நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. மனிதர்கள் பார்த்துப் பார்த்து வடிவமைத்த தம்ப்நெயில்களை நல்லவற்றுக்கும், வீடியோக்களிலிருந்து ஏனோதானோவென்று எடுத்த பிரேம்களை மற்றவற்றுக்கும் எடுத்துக்காட்டாகக் கொடுத்து அதைப் பழக்கினார்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் இன்னொரு வழியில் போனது. தன் பார்வையாளர்கள் படம் தேடும்போது அவர்கள் கவனத்தில் 82 சதவீதத்துக்கு மேல் முகப்புப் படங்களுக்கே போகிறது, ஒவ்வொரு தலைப்புக்கும் சராசரியாக 1.8 நொடி மட்டுமே கிடைக்கிறது என்று அந்நிறுவனம் 2016-இல் தெரிவித்தது. மூன்று பேருக்கு மேல் இருக்கும் படங்களுக்கு ஈர்ப்பு குறைகிறது என்பதும் அவர்கள் கண்டது. 2017-இல், ஆளுக்கு ஏற்ப முகப்புப் படத்தையே மாற்றிக் காட்டும் முறையை விளக்கினார்கள். ‘குட் வில் ஹன்டிங்’ படத்தைக் காதல் படங்கள் பார்ப்பவருக்கு நாயகனும் நாயகியும் நெருங்கியிருக்கும் காட்சியாகவும், நகைச்சுவை பார்ப்பவருக்கு ராபின் வில்லியம்ஸின் முகமாகவும் காட்டலாம் என்பது அவர்கள் தந்த எடுத்துக்காட்டு.

தனிப்பட்ட படைப்பாளிக்கும் இப்போது சோதனைக்கூடம் கிடைத்திருக்கிறது. ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்கள் வரை ஏற்றி ஒப்பிடும் வசதியை யூடியூப் 2024-இல் பரவலாகத் தந்தது. வெற்றி தோல்வியை அது அளப்பது, எந்தப் படம் அதிகப் பார்வை நேரத்தைக் கொண்டுவந்தது என்பதை வைத்து. இந்த அளவுகோல் சரியானது என்பது என் உறுதியான கருத்து. கிளிக்கை மட்டும் அளந்தால் ஏமாற்றுகிறவர் வென்றுவிடுவார். பார்வை நேரத்தை அளக்கும்போது, சொன்னதைக் கொடுப்பவருக்கு நியாயம் கிடைக்கிறது.

மிகையின் எல்லை

அகலத் திறந்த வாய், வெளியே தெறிக்கும் கண், எரியும் பின்னணி. இந்த மிகை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு உயிரியலில் விடை உண்டு. ஹெர்ரிங் கடற்காக்கையின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். குஞ்சுகள் அதைக் கொத்தித்தான் இரை கேட்கும். நிக்கோ டின்பெர்கன் மூன்று வெள்ளை வளையங்கள் வரைந்த மெல்லிய சிவப்புக் குச்சியை நீட்டியபோது, நிஜமான தலையைப் போலவே செய்த உருவத்தைக் கொத்தியதைவிட அதிகமாகக் குஞ்சுகள் அதைக் கொத்தின. இயல்பான தூண்டலைவிட மிகைத் தூண்டல் வலியது. விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக அவர் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அந்தக் குச்சியில் இரை கிடையாது. மனித மூளை அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகளை வைத்து 1997-இல் விளக்கப்பட்ட உண்மை இது: ஒரு விளக்கு எரிந்தால் பழச்சாறு வரும் என்று பழகிய குரங்குக்கு, விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் டோபமைன் நரம்புகளின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்குகிறது. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இந்த வேறுபாட்டை வைத்து, அடுத்த முறை எதை நம்பலாம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஏமாற்றிய சேனலின் அடுத்த தம்ப்நெயிலைத் தாண்டிப் போகும் விரலும் அப்படிக் கற்றுக்கொண்டதுதான்.

மிகைக்கும் கண் பழகிவிடுகிறது. எல்லாப் படங்களும் கத்தினால் எதுவும் தனித்து நிற்காது. மிஸ்டர் பீஸ்ட் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற ஜிம்மி டொனால்ட்சன், தன் தம்ப்நெயில்களில் திறந்த வாயை மூடிய வாயாக மாற்றிச் சோதித்தபோது பார்வை நேரம் கூடியதாக வெளிப்படையாகவே சொன்னார். அரசியல், அன்றாடச் செய்திகளில் இந்த மிகை பொய்யாகவே மாறிவிடும்போது கேடு சமூகத்துக்கு. வீடியோவில் இல்லாத ஒன்றைத் தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ வாக்களிப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்போவதாக யூடியூப் 2024 டிசம்பரில் இந்தியாவுக்கென்று அறிவித்தது.

நம் தக்காளி வீடியோவில் 1 மி.மீ. வெள்ளை ஈயை ஒரு வட்டத்துக்குள் பெரிதாக்கிக் காட்டினால் அது மோசடி ஆகாது. வீடியோவில் உள்ள உண்மையைக் கண்ணுக்கு எட்டும் அளவுக்குக் கொண்டுவருவது அது. ஈயைப் பாம்பளவு ஆக்கி, அருகே ஒருவரை அலறவைத்தால்தான் மோசடி. கடைக்கண்ணுக்குப் புரியும்படி உண்மையைச் சுருக்கிப் பெரிதாக்குவதே தம்ப்நெயில் கலை.

படத்தை முடித்ததும் 4 செ.மீ. அளவுக்குச் சுருக்கி, விஷயம் தெரியாத ஒருவரிடம் ஒரு நொடி காட்டுங்கள். என்ன பார்த்தார், என்ன தெரிந்துகொள்ளத் தோன்றியது என்று கேளுங்கள். ‘சுருண்ட இலை, ஏன் சுருளுது?’ என்று அவர் சொன்னால் படம் தேறிவிட்டது. பிறகு வீடியோவைத் திறந்து, முதல் நிமிடத்துக்குள் அதே இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டிப் பதிலைத் தொடங்குங்கள். வந்தவர் கடைசிவரை இருப்பதும் அடுத்த முறை தேடி வருவதும் அந்த முதல் நிமிடத்தைப் பொறுத்தது.